கூட வேலை பார்த்தவர்

துக்க வீட்டுலேர்ந்துதான் சார் வர்றேன். ஆமா, அந்தக் கடற்கரை ஊருதான். நேத்து சாயங்காலம் அடக்கம் முடிஞ்சது. செத்துப்போனவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குறீங்க. இந்த ரெண்டு மூணு நாளா எல்லாரும் இதையேதான் சார் கேக்குறாங்க. பஹ்ரைன் ஏர்போர்ட்ல கேட்டாங்க, திருவனந்தபுரத்துல கேட்டாங்க, ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டாரு. அவன் வீட்டு வாசல்ல வச்சு அவன் மச்சானே கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? அவன் பாடுவான், நான் கீபோர்டு வாசிப்பேன். ஒரே ரூம், ஒரே அடுப்பு, ஒரே மேடை. இருபது வருசத்துக்கு மேல. அதுக்கு ஒரு பேரு இருந்தா நீங்களே சொல்லுங்க.

மேடைன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. பாருதான். குடிக்கிறவங்க உக்காந்திருப்பாங்க, ஒரு மூலையில ஒரு அடி உசரத்துக்குப் பலகை போட்டிருக்கும். அதுல நாங்க. சும்மா சொல்லக்கூடாது, பாருல பாடுறது மாதிரி கஷ்டம் ஒண்ணு கிடையாது சார். சபாவுல உக்காந்திருக்கிறவன் பாட்டு கேக்க வந்திருக்கான். பாருக்கு வர்றவன் எதையோ மறக்க வந்திருக்கான். அவனைத் திரும்ப வச்சு, கிளாஸைக் கீழ வைக்க வச்சு, கண்ணைத் துடைக்க வைக்கணும். தொபியாஸ் அதைச் செய்வான். தெனம் செய்வான்.

தொபியாஸ் பெர்னாண்டோ. அதான் அவன் பேரு.

நான் திருச்சி, பொன்மலை. கோதண்டம்னு பேரு. கல்யாணக் கச்சேரி, திருவிழான்னு வாசிச்சுட்டுத் திரிஞ்சப்போ, பெங்களூருல ஒரு பாருல கீபோர்டுக்கு ஆள் கேக்குறாங்கன்னு போனேன். அங்க இவன் ஏற்கெனவே பாடிட்டிருந்தான். கறுப்பா, குட்டையா, வலை இழுத்த தோளு. முத நாளே ஒரு பாட்டு நடுவுல நான் கட்டையைத் தப்பாப் புடிச்சுட்டேன். வேற ஒருத்தனா இருந்தா மைக்கைப் பொத்திக்கிட்டுத் திட்டியிருப்பான். இவன் திரும்பிக்கூடப் பாக்கல. என் தப்புக்கு ஏத்த மாதிரி பாட்டையே வளைச்சு, ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்து, பழைய எடத்துல எறக்கி வச்சுட்டான். கேட்டவங்களுக்கு அதுவும் பாட்டோட அழகுன்னுதான் தோணியிருக்கும். கச்சேரி முடிஞ்சதும் என்கிட்ட வந்து, "சாப்டியால?"ன்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல.

அன்னிலேர்ந்து நான் வேற யாருக்கும் வாசிச்சதில்ல சார். கூப்பிட்டாங்க. போகல.

பெங்களூரு, அப்புறம் கோவா, பம்பாய், கொஞ்ச நாள் மஸ்கட், கடைசியா பஹ்ரைன். கோவாவுல ஒரு மழைக்காலம், பாரு மாத்திப் போறோம், தொறந்த லாரியில சாமானோட சாமானா உக்காந்திருக்கோம். பேய்மழை. மேடையில போடுற ஜிகினா கோட்டு ஒண்ணே ஒண்ணுதான் அவன்கிட்ட இருந்துச்சு. அதைக் கழட்டி என் கீபோர்டு மேல போட்டு, அது மேல அவனும் கவுந்து படுத்துக்கிட்டான். "எனக்குத் தடுமம் புடிச்சா சரியாப்போவும்ல, இதுக்குப் புடிச்சா ஆரு மருந்து குடுப்பா?"ன்னான். அன்னைக்கு சாயங்காலம் சர்வர் பையன்களோட வெள்ளைச் சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டுப் பாடினான். தொண்டை கட்டியிருந்துச்சு. அந்தக் கட்டுன தொண்டையிலயும் ஒரு சொகம் இருந்துச்சு சார்.

இந்தி, மலையாளம், தெலுங்கு எல்லாம் பாடுவான். எல்லாத்தையும் தமிழ் எழுத்துல எழுதி வச்சுக்கிட்டுத்தான். அர்த்தம் பாதி தெரியாது. ஒரு தடவை ஒரு பெங்காலிக்காரர் அழுதுகிட்டே வந்து இவனைக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. அவர் போனதும் என்கிட்ட, "ஏல கோதண்டம், அந்தப் பாட்டு என்ன சங்கதில? ஆரு செத்தது?"ன்னு கேக்குறான்.

ஆனா அவன் வீட்டுல இது எதுவும் தெரியாது.

அதைத்தான் சார் சொல்ல வந்தேன். அவன் மாமனாரு கோயில் உபதேசியார். பூசைக்கு சாமியார் இல்லாத நாள்ல ஜெபம் சொல்லி வைக்கிறவரு, ஊருல மதிப்பான மனுசன். இவன் கோயில் பாடற்குழுவுல பாடுவான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ரெஜினா இவனைத்தான் கட்டுவேன்னு நின்னிருக்கு. உபதேசியார் சம்மதிச்சாரு, ஆனா ஒரு வாக்கு வாங்கிக்கிட்டாரு. கர்த்தருக்குப் பாடுன வாய், குடிக்கிற எடத்துல பாடக்கூடாதுன்னு. இவனும் சரின்னுட்டான். அப்புறம் மீன்பாடு இல்ல, படகு இல்ல, கையில பாட்டைத் தவிர ஒண்ணும் இல்ல. பெங்களூருக்கு வந்துட்டான். வீட்டுக்கு என்ன சொன்னான்னா, கப்பலுக்குச் சாமான் ஏத்துற கம்பெனியில ஸ்டோர் கீப்பர்னு.

ஒரு தடவை சொன்ன பொய் சார். ஊர் மாறுச்சு, நாடு மாறுச்சு, பொய் மட்டும் மாறல. வீட்டுலேர்ந்து போன் வந்தா நான் கீபோர்டுலேர்ந்து கையை எடுத்துருவேன். மூச்சு விடுறதுகூடப் பாத்து விடுவேன். ஒரு நாள் இவன் பேசிட்டிருக்கான், எங்க டிரம்ஸ்காரன் தெரியாம சிம்பலைத் தட்டிட்டான். "அதுவா? கண்டெய்னர் எறக்குதாங்க"ன்னு கண்ணைச் சிமிட்டாம சொன்னான். நாங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். அந்தப் பக்கம் ரெஜினா, "கவனமா நில்லுங்க, மேல விழுந்துராம"ன்னு சொல்லிச்சு. அப்புறம் எங்களுக்குச் சிரிப்பு வரல.

போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவான். அதனால அந்த வீட்டுல எனக்குத் தெரியாதது ஒண்ணு கிடையாது. ஜெனோவா, அவன் மக, பள்ளிக்கூடத்துல எந்தப் பாடத்துல வீக்குன்னு தெரியும். அதுக்கு எறா ஒத்துக்காதுன்னு தெரியும். கொல்லையில போர் போட்டப்போ உப்புத்தண்ணி வந்ததும், உபதேசியார் கண் ஆபரேசனும், அவர் போய்ச் சேர்ந்ததும், எல்லாம் தெரியும். உபதேசியார் எறந்த சேதி வந்தப்போ நான் சொன்னேன், இனிமேலாவது வீட்டுல சொல்லிருடா, வாக்குக் கேட்ட மனுசனே இல்லன்னு. "வாக்கு வாங்குனவரு போயிட்டாரு. இனி ஆருகிட்ட மன்னிப்புக் கேக்க?"ன்னான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "நா செத்தாக்கூட நீ சொல்லிராத மக்கா"ன்னான். சரிடான்னேன். கையில அடிச்சுக் குடுத்தேன்.

நோன்பு மாசம் வந்தா பஹ்ரைன்ல பாட்டுக் கச்சேரியை நிப்பாட்டிருவாங்க. அதான் எங்களுக்கு லீவு. அவன் ஊருக்குப் போவான். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆகல. பொன்மலையில அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருப்பேன். ஒவ்வொரு தடவையும், உன் ஊரைக் காட்டுடான்னு கேப்பேன். "வீடு சின்னதுல, நீ வந்தா படுக்க எடம் இருக்காது"ம்பான். நானும் வற்புறுத்தல.

இப்பப் போய்ப் பாக்குறேன் சார், மாடி வீடு. மேல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. சமீபத்துல கட்டியிருப்பான் போல. சுவரெல்லாம் காரை உதிர்ந்து பழசாத்தான் இருந்துச்சு. ஆனா கடக்காத்துக்கு எல்லாம் சீக்கிரம் பழசாயிரும், இல்ல?

எப்படிச் செத்தான்னு கேக்குறீங்களா? மத்தியானம் சார். பாரு தொறக்கல, நாற்காலி எல்லாம் மேசை மேல கவுத்துக் கெடக்கு. புதுசா ஒரு பாட்டு ஒத்திகை பாக்குறோம். ரெண்டு வரி பாடிட்டு, "ஒரு கட்டை எறக்கு மக்கா"ன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இத்தனை வருசத்துல அவன் எறக்கச் சொன்னதே இல்ல. ஏத்தச் சொல்லுவான். எறக்குனேன். இன்னும் ரெண்டு வரி பாடினான். டிரம்ஸ் ஸ்டூல்ல போய் உக்காந்தான். தண்ணி கொண்டாரேன்னு திரும்புனேன். அவ்வளவுதான்.

காகிதம் எல்லாம் தயாராக ஒரு வாரம் ஆச்சு. நான்தான் கூடக் கெளம்புனேன். வேற யாரு இருக்கா?

வீட்டு முன்னால ஆம்புலன்ஸ் நின்னதும் கூட்டம் ஓடி வந்துச்சு. நான் எறங்குறேன். அவன் மச்சான் கில்பர்ட், நல்ல மனுசன், என் கையைப் புடிச்சுக்கிட்டு, "சார் ஆரு?"ன்னு கேட்டாரு. கோதண்டம்னு சொன்னேன். சொல்லிட்டு நின்னேன். பேரைச் சொன்னாத் தெரியும்னுதான் நின்னேன். "எங்கூட ஒரே ரூம்ல இருக்கான், நல்லா சமைப்பான், சாம்பார்ல சீனி போடுவான்"னு தொபியாஸ் என்னைப் பத்தி ஏதாவது ஒண்ணு சொல்லியிருப்பான்னு. அவர் ரெஜினாவைப் பாத்தாரு. ரெஜினா என்னைப் பாத்துச்சு. அந்தப் பேரு அந்த வீட்டுல விழுந்ததே இல்ல சார். அவங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சது.

அப்புறம் கில்பர்ட்டே, "கூட வேல பாக்கவுகளா?"ன்னு கேட்டாரு. ஆமா, கூட வேலை பாத்தவன்னு சொன்னேன். பொய் இல்லியே.

நான் கோவிச்சுக்கல சார். யோசிச்சுப் பாத்தா அவன் செஞ்சது சரிதான். கீபோர்டு வாசிக்கிறவனை ஸ்டோர் ரூமுல எங்கன்னு வைக்க முடியும்? ஒரு பொய்யைச் சொல்றவன் அதுக்குள்ள எத்தனை பேருக்கு எடம் குடுப்பான்? ஆனா வேற பேருலயாவது சொல்லியிருக்கலாம். பக்கத்து ரூம்காரன், மெஸ் நடத்துறவன், ஏதோ ஒண்ணு. மறந்திருப்பான். லீவு குறைச்சல், பேச வேண்டியது நெறைய.

கூட்டத்துல கப்பல்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டாரு. உங்க கம்பெனி எந்தத் துறைமுகத்துல இருக்கு, எந்தெந்தக் கப்பலுக்குச் சாமான் போவுதுன்னு ஒண்ணொண்ணா விசாரிச்சாரு. எல்லாத்துக்கும் போவும்னேன். தொபியாஸ் வேலையில எப்படின்னு கேட்டாரு. அதுக்கு மட்டும் எனக்கு வாய் தானா வந்துச்சு. "ஒரு நாள் லேட்டா வந்ததில்ல. காய்ச்சல்னு லீவு போட்டதில்ல. கூட இருக்கிறவன் தப்புப் பண்ணா வெளிய காட்டிக்குடுக்க மாட்டான், தானே சரிபண்ணிருவான்"னு சொன்னேன். பெரியவர் தலையை ஆட்டுனாரு. "ஸ்டோர் கீப்பர்னா அப்படித்தான் இருக்கணும்"னாரு.

கோயில்ல நான் கடைசி பெஞ்சு. எப்ப எந்திரிக்கணும், எப்ப முழங்கால் போடணும்னு தெரியாம முன்னால உள்ளவங்களைப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு, இவர் அமைதியான மனுசர், சத்தமில்லாம வாழ்ந்தாருன்னு. சத்தமில்லாம! அப்புறம் பாடற்குழு பாடுச்சு. சின்னப் பிள்ளைங்க, பாவம், ரொம்ப ஏத்தி எடுத்துட்டாங்க, மேல போவப் போவ சுருதி எட்டல. அவனுக்கு சுருதி வெலகுனா பொறுக்காது சார், பல்லைக் கடிப்பான். நான் பெட்டியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஓரத்துல ஆர்மோனியம் இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி அந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு கட்டை எறக்கிக் குடுத்திருக்கலாம். கூட வேலை பாத்த ஸ்டோர்காரன் எப்படி ஆர்மோனியத்துல போய் உக்காருறது? கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மண்ணு போட்டு முடிஞ்சதும் கெளம்பிரலாம்னு இருந்தேன். கில்பர்ட் விடல, இருந்துட்டு காலையில போங்கன்னுட்டாரு. வீட்டுக்குப் பின்னால, கடலைப் பாத்த மாதிரி ஒரு குட்டைச் சுவர் இருக்கு. அதுல உக்காந்திருந்தேன். ஜெனோவா காப்பி கொண்டாந்து குடுத்துச்சு. இப்ப திருநெல்வேலியில மருந்துக்கடையில வேலை பாக்குது. அவன் சாடை அப்படியே. என் பக்கத்துலயே உக்காந்துச்சு.

அப்புறம், "அப்பா அங்க பாடுவாகளா மாமா?"ன்னு கேட்டுச்சு.

ஸ்டோர்ல ஏதும்மா பாட்டு, கண்டெய்னர் சத்தம்தான்னேன்.

அது போனை எடுத்துச்சு. ஒரு வீடியோவைப் போட்டு என் முன்னால நீட்டுச்சு. எவனோ ஒரு கஸ்டமர் எடுத்துப் போட்டிருக்கான் சார். நம்ம பாருதான். அந்த ஜிகினா கோட்டு. தொபியாஸ் கண்ணை மூடிக்கிட்டுப் பாடுறான். காலேஜ் படிக்கும்போது கெடச்சதாம். அன்னிலேர்ந்து வச்சிருக்காம். "அம்மாவுக்கும் காமிச்சேன். நாங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. அப்பா கூச்சப்படுவாகன்னு"ன்னு சொல்லுது. "லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு தடவையாவது வாயத் தொறந்து பாடிர மாட்டாகளான்னு நானும் அம்மாவும் பாத்துக்கிட்டே இருப்போம். குளிக்கும்போதுகூடப் பாட மாட்டாக மாமா. அம்மா சமையக்கட்டுல வேணும்னே பழைய பாட்டை முணுமுணுக்கும், கூடச் சேந்துக்கிடுவாகளான்னு. எந்திரிச்சு வெளிய போயிருவாக."

ஏன் பாட மாட்டான்னு எனக்குத் தெரியும் சார். என்கிட்டச் சொல்லியிருக்கான். "பாட ஆரம்பிச்சா என்னால நிப்பாட்ட முடியாதுல, எல்லாம் வெளிய வந்துரும்"பான். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா கையில அடிச்சுக் குடுத்திருக்கேன். செத்தாலும் சொல்லாதன்னு கேட்டிருக்கான்.

"அது உங்கப்பா இல்லம்மா. அந்த ஊர்ல இதே சாடையில நெறையப் பேரு இருக்காங்க"ன்னு சொன்னேன். உறுதியாத்தான் சொன்னேன்.

அது என்னையே பாத்துச்சு. அப்புறம் வீடியோவைப் பாத்துச்சு. அதுல நான் தெரிய மாட்டேன் சார், ஓரத்துல கீபோர்டும் ரெண்டு கையும் மட்டும்தான் தெரியும். எனக்கு எடது கை சுண்டுவிரல் சின்ன வயசுல கதவுல நசுங்கி வளைஞ்சு போச்சு, இந்தா பாருங்க, இப்படி. அது வீடியோவுல அந்த விரலைப் பாத்துட்டு, காப்பி டம்ளரைப் புடிச்சிருந்த என் கையைப் பாத்துச்சு. நான் டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டேன்.

"சரி மாமா"ன்னுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. வீடியோ மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு, "இவுக ஆருன்னு தெரியல. ஆனா நல்லாப் பாடுதாகள்லா?"ன்னு கேட்டுச்சு.

"நல்லாப் பாடுறான்மா. இந்த மாதிரி பாடுறவங்க கம்மி"ன்னேன்.

"பக்கத்துல வாசிக்கவுக?"

"அவன் சுமாரு. பாடுறவன் கூட இருக்கிறதால அவனும் நல்லா இருக்கிற மாதிரி தெரியுது."

அது சிரிச்சுச்சு சார். கண்ணுல தண்ணி நிக்குது, சிரிக்குது. "நீங்க திரும்பப் போயி எங்கயாவது இவுகளப் பாத்தியன்னா, எங்க வீட்டுல வந்து ஒரே ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க மாமா. நாங்க ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டோம்னு சொல்லுங்க"ன்னுச்சு.

சொல்றேம்மான்னு சொன்னேன்.

காலையில நான் கெளம்பும்போது ரெஜினா வாசல் வரைக்கும் வந்துச்சு. மேல ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு, லீவுக்கு வந்தா இங்க வந்து தங்குங்கன்னுச்சு. பொன்மலையில அக்கா இருக்காங்க, அங்க போகணும்னுட்டேன். எதுக்கு அவங்களுக்குச் சிரமம்?

பாருல இன்னொருத்தனைப் பாடப் போட்டுட்டாங்களாம். நேத்து போன் வந்துச்சு. நல்லாப் பாடுறானாம், சின்ன வயசுக்காரன். சீக்கிரம் வந்து சேருங்கன்னாங்க. போகணும். போயி என்ன வாசிக்கிறதுன்னுதான் தெரியல.

ஆனா வாக்கைக் காப்பாத்திட்டேன் சார். அது ஒரு நிம்மதி. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அப்பான்னு சொல்லல பாத்தீங்களா? இவுக, இவுகன்னுதான் சொல்லுச்சு. அப்போ நம்பிருச்சுன்னுதானே அர்த்தம்? நீங்க ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குறீங்க? நம்பியிருக்கும் சார். நான் அவ்வளவு உறுதியாச் சொன்னேன்ல. நம்பியிருக்கும்.